டல்மியின் முதல் காதல் யார் என்று என்னைக் கேட்காதீர்கள்

ரசிகர்கள் தாங்களே எழுதித் திருத்துகிற ஒரு விக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் 'ஸ்டார்ட்-அப்' என்ற கொரிய நாடகத்தில் வரும் சியோ டல்மி என்ற கதாபாத்திரத்தின் பக்கத்தில் வலது கைப்பக்கமாக ஒரு தகவற்பெட்டி இருக்கிறது. தொழில், குடும்பம், நடித்தவர் என்று வரிசையாகப் போகும். முன்பு அதில் 'முதல் காதல்' என்றும் ஒரு வரி இருந்தது. காலையில் பார்த்தால் அந்த வரியில் ஹான் ஜிபியோங். மத்தியானம் நாம் டோசான். பின்னேரம் திரும்பவும் ஜிபியோங். ஒருநாள் இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்து திறந்தால், யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பெயரையும் தூக்கிவிட்டு டல்மியின் அப்பம்மாவின் பெயரைப் போட்டிருந்தார். மூன்று பதிலிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

'ஸ்டார்ட்-அப்' பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஒக்டோபர் 17 முதல் டிசெம்பர் 6 வரை, சனி ஞாயிறுகளில், 16 எபிசோட்டாக டிவிஎன் என்ற கொரியத் தொலைக்காட்சியிலும் நெட்ஃபிளிக்ஸிலும் வந்த நாடகம். பெற்றோர் பிரிந்து, அக்காவும் தாயோடு போய்விட, சின்ன டல்மி தனித்துப் போகிறாள். அவளுக்கு ஆறுதலாக யாராவது கடிதம் எழுதினால் நல்லது என்று அப்பம்மா நினைக்கிறா. அநாதை இல்லத்தை விட்டு வெளியே வந்து, படுக்க இடமில்லாமல் அப்பம்மாவின் கடையில் ஒதுங்கிய பெடியன் ஜிபியோங். எழுதுகிற வேலை அவனிடம் போகிறது. அவன் தன் பெயரைப் போடவில்லை. கணித ஒலிம்பியாட்டில் வென்றான் என்று பேப்பரில் வந்த ஒரு சிறுவனின் பெயரைப் போட்டு எழுதுகிறான். அந்தச் சிறுவன்தான் நாம் டோசான். வளர்ந்த பிறகு டல்மி அந்தப் பெயருக்குரியவனைத் தேடுகிறாள். உண்மையான டோசானுக்கோ அப்படிக் கடிதங்கள் இருந்ததே தெரியாது.

ஆக, எழுதியவன் ஒருவன், பெயர் இன்னொருவனுடையது, வாசித்து உருகியவள் டல்மி. 'முதல் காதல்' என்ற ஒற்றை வரியை நிரப்ப வேண்டிய விக்கிக்காரர்களை வதைப்பதற்கென்றே எழுதிய கதை.

நான் ஜிபியோங் பக்கம். அதை ஒளிக்கவில்லை, என்னுடைய பயனர் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சாள் டோசான் பக்கம், அதுவும் சும்மா இல்லை, வெறி. நாடகம் ஓடிய அந்த ஏழெட்டுக் கிழமையும் வட்ஸ்அப்பில் நாங்கள் இருவரும் கொழுவிய கொழுவலில் பெரியம்மா வேறு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று பயந்துபோனா.

வேலை எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பசுக்குக் கிட்ட ஒரு கொமினிகேசனில். போட்டோக்கொப்பி, பிரிண்ட், பைண்டிங், அவசரமாக ஓடி வரும் இறுதியாண்டுப் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகள். ஓய்ந்த நேரத்திலும் இரவிலும் விக்கி. விக்கியின் ஒழுங்குகளை நான் படித்தது தமிழ் விக்கிப்பீடியாவில். 2003 இல் தொடங்கிய அந்தத் தமிழ் விக்கியை ஆரம்ப காலத்தில் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் எங்கள் ஊர்க்காரரான இ. மயூரநாதன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அங்கே 'நடுநிலை நோக்கு' என்று ஒரு கொள்கைப் பக்கம் இருக்கிறது. மதம், அரசியல், போர் என்று பெரிய விசயங்களுக்கு எழுதியதை ஒரு கொரிய நாடகத்தின் காதலுக்கு எடுத்துப் போடுவது சிரிப்பாகத் தெரியலாம். சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வராது.

ஜோடி சேர்த்துப் பார்க்கிற ஷிப்பர்களில் வெளிப்படையாக வந்து அழிக்கிறவர்களால் பெரிய கரைச்சல் இல்லை. முழுப் பக்கத்தையும் அழித்து "டோசான் ஒரு திருடன்" என்று எழுதிவிட்டுப் போனால், வரலாற்றுப் பக்கத்தில் ஒரு சொடுக்கு, பழையது திரும்பி வந்துவிடும். கரைச்சல் தருகிறவர்கள் வடிவாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள். அவர்கள் எதையும் அழிப்பதில்லை. ஒரு சொல்லை மட்டும் கூட்டுவார்கள்.

"டல்மி டோசானைச் சந்தித்தாள்" என்று ஒரு வசனம். அதில் "இறுதியாக" என்று முன்னால் ஒரு சொல் ஏறும். உடனே அவள் அவனுக்காகவே பிறந்து காத்திருந்தவள் ஆகிவிடுகிறாள். மற்றப் பக்கத்துக்காரர் வந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, டோசானுக்கு முன்னால் "கடிதங்களை எழுதியிராத" என்று கூட்டுவார். அதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனால் அந்த இடத்தில் அது நொட்டை. "ஜிபியோங் வெறுமனே உதவினான்", "டோசான் தன்னலமின்றி விலகினான்", "துரதிர்ஷ்டவசமாக அவன் பிந்திவிட்டான்". இந்த வெறுமனேக்களையும் துரதிர்ஷ்டவசமாகக்களையும் பொறுக்குவதுதான் என்னுடைய பெரும்பாலான இரவு வேலை. இன்றைக்கு எந்தச் சொல்லைப் பார்த்தாலும் முதலில் அது யாருடைய ஆள் என்றுதான் தோன்றுகிறது. கடைக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகளிலும் கண் அங்கேதான் போகிறது, வாயைத் திறக்காமல் பைண்ட் பண்ணிக் கொடுத்துவிடுகிறேன்.

படங்கள் இன்னொரு போர்க்களம். மூன்று பேரும் நிற்கிற காட்சியை ஒருவரை வெட்டிவிட்டு இரண்டு பேராக ஏற்றுவார்கள். எதிர்த்தரப்பு ஆளுக்குக் கண் பாதி மூடியிருக்கிற நொடியை எப்படித்தான் தேடிப் பிடிப்பார்களோ, அதைக் கொண்டுவந்து அவனுடைய முகப்புப் படமாக வைப்பார்கள். இதற்கு ஒரு வழி செய்தோம். முகப்புப் படம் நாடகத்துக்காகத் தயாரிப்பாளர்கள் வெளியிட்ட கதாபாத்திரப் போஸ்டராக மட்டுமே இருக்கலாம். எல்லோரும் அதில் வடிவாக இருப்பார்கள், சண்டை பாதி குறைந்தது.

பிறகு ஒழுங்கு. டல்மியின் 'உறவுகள்' பகுதியில் யாருடைய தலைப்பு முதலில் வருவது? கதையில் தோன்றும் ஒழுங்கு என்றால் முதல் எபிசோட்டை நிரப்பியிருக்கிற ஜிபியோங். அகரவரிசை என்று ஒருவர் சொன்னார், நியாயமான ஆள் போலத்தான் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஹான், நாம் என்று குடும்பப் பெயரை எடுத்தால் ஜிபியோங் முன்னுக்கு, சொந்தப் பெயரை எடுத்தால் டோசான் முன்னுக்கு. கொரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவதைப் பற்றி அன்றைக்கு இரவு முழுக்க உரையாடல் பக்கத்தில் பாடம் நடந்தது. பாடம் நடத்திய எல்லோரும் தங்களுக்கு வசதியான முடிவில்தான் போய் நின்றார்கள். கடைசியில் நாடகத்தின் நடிகர் பட்டியல் ஒழுங்கையே எடுத்தோம்: சூசி, நாம் ஜூ-ஹியோக், கிம் சியோன்-ஹோ, காங் ஹான்-னா. அதன்படி டோசான் முதலில். ஜிபியோங் பக்கத்துக்காரியான எனக்கு அது கசந்ததுதான். ஆனால் அந்த வரிசையை எங்களில் ஒருவரும் போடவில்லை, அதுதான் அதன் நன்மை.

இதெல்லாம் வேலையில்லாதவர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆங்கில விக்கிப்பீடியாவில் 'ஸ்டார் டிரெக்' படம் ஒன்றின் தலைப்பில் நடுவில் வரும் ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா சின்ன எழுத்தில் தொடங்குவதா என்று 2013 தொடக்கத்தில் 40,000 சொற்களுக்கு மேல் விவாதித்தார்கள். அந்த ஒரு விசயத்தில் தமிழ் எழுத்துக்கு நாங்கள் கும்பிடு போட வேண்டும்.

இரண்டு பக்கமும் களைத்துப்போன ஒரு கட்டத்தில் வந்தது சமபங்கு யோசனை. ஜிபியோங்குக்கு 300 சொல், டோசானுக்கு 300 சொல், படமும் ஆளுக்கு மூன்று. கேட்க நியாயமாக இருந்தது, கனபேர் கையும் தூக்கினார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. இரண்டு பேரும் கதையில் ஒரேயளவாக வருவதில்லை. தொடக்கத்தில் கடிதங்களும் ஜிபியோங்கும், பிறகு டோசான் நண்பர்களோடு தொடங்கிய சாம்சான் டெக் நிறுவனமும் டோசானும், இடையில் இரண்டு பேரும். 300 ஐ எட்டுவதற்காக ஒன்றுமில்லாத பார்வையைக் கூட "ஆழமான பார்வை" என்று எழுத வேண்டி வரும். சமமாக வெட்டினால் நடுநிலை வந்துவிடும் என்பது காணிச் சண்டை தீர்க்க வந்த தரகரின் கணக்கு.

எனக்கு மனதில் இருந்தது ஸ்கோர் புத்தகம். 1904 இல் தொடங்கி இன்றைக்கும் நடக்கிற வடக்கின் பெருஞ்சமரை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் அந்தத் துடுப்பாட்டத்தில் வெளியே பாண்ட் வாத்தியமும் கொடியும் கூச்சலும். கிரிக்கெட் சட்டத்தின்படி ஸ்கோர் எழுத இரண்டு பேர் இருக்க வேண்டும், இருவரும் அடிக்கடி ஒருவருடையதை மற்றவரோடு சரிபார்க்கவும் வேண்டும். அவர்களுக்குக் கட்சி இல்லையா? பழைய மாணவனாகவே இருப்பான், வீட்டுக்குப் போனால் அம்பயரைத் திட்டுவான். ஆனால் புத்தகத்தில் எல்பிடபிள்யூ என்றால் எல்பிடபிள்யூ. "அநியாயமான" என்று முன்னால் ஒரு சொல் போட அங்கே கட்டம் இல்லை.

அதனால் நான் கேட்டது கட்சியில்லாத நிர்வாகியை இல்லை, எதிர்க்கட்சி நிர்வாகி ஒருவரை. மணிலாவில் இருக்கிற ஒரு பெண் வந்தா. அசல் டோசான் ஆள். அங்கே எங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னுக்கு ஓடுவதால் நான் எழும்பும்போது அவ ஒரு சுற்றுத் துப்புரவாக்கி முடித்திருப்பா. எங்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்: உறவுகள் பகுதியில் ஒவ்வொரு வசனத்துக்கும் எபிசோட் இலக்கமும் நிமிடமும் இருக்க வேண்டும், அந்த நிமிடத்தைப் போட்டுப் பார்க்கிற யாருக்கும் கண்ணால் தெரிய வேண்டும். "அழுதாள்" எழுதலாம். "அவனை மறக்க முடியாமல் அழுதாள்" என்றால், அதை அவளோ வேறு ஒருவரோ வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவவும் நானும் ஒத்துக்கொண்ட வசனம் நிற்கும், ஒத்துக்கொள்ளாதது உரையாடல் பக்கத்தில் கிடக்கும்.

இந்த ஒப்பந்தம் பெரிய சோதனைக்கு வந்தது 2022 இல். மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களில் எனக்குக் கடையும் இல்லை, இணையமும் ஒழுங்காக இல்லை. போனில் சார்ஜ் மிச்சம் பிடிக்க வேண்டும், எரிபொருள் வரிசை வேறு. நான் இல்லாத நேரம் பார்த்து ஜிபியோங் பக்கத்துக்காரர்கள், அதாவது என்னுடைய ஆட்கள், புகுந்து விளையாடியிருந்தார்கள். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், என் பக்கத்துக்கு எதிராக எழுதிய வசனங்களைக் காப்பாற்றியது போலவே, எனக்குப் பிடித்த வசனங்களையும் அந்த மணிலாப் பெண் ஒன்றும் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தா. 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது, அதாவது மற்றவரின் திருத்தத்தை நீக்கிப் பழையதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு, நாங்களும் அதைத்தான் எடுத்திருந்தோம். மூன்று முடிந்ததும் அவ நிறுத்திவிட்டு, பக்கத்தைப் பூட்டச் சொல்லி எனக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டுக் காத்திருந்தா. தன் கையிலும் பூட்டுகிற அதிகாரம் இருந்தும் பூட்டவில்லை, தான் சண்டையில் சேர்ந்துவிட்ட ஆள் என்பதால்.

கதை முடிந்த பிறகு வரும் சண்டை வேறு வகை. டல்மி கடைசியில் டோசானோடு சேர்ந்தாள். அதில் விவாதம் இல்லை, பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வென்ற பக்கம் அதோடு விடுவதில்லை. பழைய எபிசோட் சுருக்கங்களுக்குத் திரும்பிப் போய், இரண்டாம் எபிசோட்டிலேயே எல்லாம் தீர்மானமாகிவிட்டது போல மெல்ல மெல்லத் திருத்தத் தொடங்குவார்கள். 'ரிப்ளை 1988' என்ற இன்னொரு கொரிய நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த அந்த 20 எபிசோட்டும் கதாநாயகி டோக்சன் யாரைக் கட்டினாள் என்பதை ஒளித்து வைத்துத்தான் ஓடியது. கொரியாவில் ஜங்வான் கட்சி, டெக் கட்சி என்று பிரிந்து, "எப்படியும் புருசன் இவன்தான்" என்று தங்களுக்குள் சுருக்கப் பெயர்களே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் டெக். அதை வைத்துக்கொண்டு ஐந்தாம் எபிசோட் சுருக்கத்தில் "டோக்சனின் வருங்காலக் கணவன் டெக்" என்று எழுதினால், பார்த்தவர்கள் இத்தனை கிழமை நகம் கடித்துக்கொண்டு இருந்ததற்கு என்ன கணக்கு? எபிசோட் சுருக்கம் அந்த எபிசோட் முடிகிற இடத்தில் நின்று எழுதப்பட வேண்டும். முடிவு முடிவின் பக்கத்தில் இருக்கட்டும்.

கதாசிரியர் பிறகு வாயைத் திறந்தாலும் இதேதான். 2014 இல் எம்மா வாட்சன் எடுத்த நேர்காணலில், ஹாரி பொட்டர் கதையில் ஹெர்மாயினியையும் ரொனையும் சேர்த்தது தன்னுடைய ஒரு ஆசை நிறைவேற்றமாகத்தான் என்று ஜே.கே. ரோலிங் சொன்னவுடன், ஹாரி-ஹெர்மாயினி கட்சிக்குப் புழுகம் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சால் புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. கதாபாத்திரத்தின் வாழ்க்கை வரலாறு ஒரு இடம், எழுதியவர் பிறகு சொன்னது திகதியோடு இன்னொரு இடம். இரண்டையும் கலந்தால் சண்டை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

நடிகர்களைச் சோடி சேர்ப்பதைப் பற்றி எனக்கு நீளமாக எழுத விருப்பமில்லை. அவர்கள் உண்மையான மனிதர்கள். யார் யாரோடு கோப்பி குடித்தார் என்ற விடுப்புக்கு எங்கள் விக்கியில் இடமில்லை, கேள்வி கேட்காமல் அழிப்போம். 'சுவையான தகவல்கள்' பகுதியையும் அதனால்தான் சுருக்கினோம், முன்கதவால் விரட்டிய கட்சிக்காரர்கள் எல்லாம் அந்தப் பின்கதவால் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அதில் மிஞ்சியிருப்பது ஜிபியோங்கின் வீட்டில் அவனோடு வாயடிக்கிற ஸ்பீக்கருக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் யோ ஜின்-கு என்பது போன்ற விசயங்கள். அதற்கு யாரும் அடிபட மாட்டார்கள் என்று நினைத்தேன், இதுவரைக்கும் அடிபடவில்லை.

அம்மாவும் ஒருநாள் என்னோடு இருந்து நாடகத்தைப் பார்த்தா. சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். பாதியில் கேட்டா, "எழுதினவன் இவன். பிறகேன் பிள்ளை எல்லாரும் மற்றவன்ர பேரைச் சொல்லி அழுகினம்?" நான் ஒருமாதிரி விளங்கப்படுத்தினேன். அவ யோசித்துவிட்டு, "அந்தப் பிள்ளை முதல் கொம்பனிய வடிவா நடத்தட்டும், கலியாணத்தைப் பிறகு பாக்கலாம்" என்றா. டல்மியின் பக்கத்தில் அவளுடைய தொழில் பற்றிய பகுதி அப்போது நாலு வரிதான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் தலைவியாக வருகிற பெண்ணுடைய பக்கத்தில் இரண்டு ஆண்களைப் பற்றி முழ நீளத்துக்குக் கிடந்தது. இரண்டு கட்சிக்கும் அது கண்ணில் படவேயில்லை, எனக்கும் மணிலாவுக்கும்கூட. அந்த மாதம் முழுக்க அந்தப் பகுதியைத்தான் வளர்த்தோம். ஒரு மீளமைப்புக்கூட வரவில்லை.

'முதல் காதல்' வரியை எடுத்துவிட்டோம். தகவற்பெட்டிக்குள் ஒரே பார்வையில் பதில் தெரிகிற விசயங்கள் மட்டும்தான். கடிதக் கதை கீழே நாலு பந்தியில், எபிசோட்டும் நிமிடமுமாக இருக்கிறது. வாசித்துவிட்டு யார் முதல் என்று அவரவர் முடிவெடுக்கலாம்.

நான் பக்கச்சார்பு என்று முறைப்பாடு இன்னும் வரும். பழைய என் பதிவுகளைத் தோண்டி எடுத்து, "இவ ஜிபியோங்கின் ஆள்" என்று கண்டுபிடித்ததாக ஒருவர் பெரிய பந்தி எழுதினார். ஓம், பயனர் பக்கத்தில் முதல் வரியே அதுதான் என்று பதில் போட்டேன். எந்த வசனம் பிழை என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

போன கிழமை மச்சாள் எடுத்தாள். "மச்சாள், உன்ர விக்கியில டோசான் அவளை விட்டுட்டு அமெரிக்கா போனான் எண்டு கிடக்கு. அவன் விட்டுட்டுப் போகேல்ல, அவள் அனுப்பினவள்."

"எந்த எபிசோட், எத்தனையாவது நிமிசம்?"

"அதுக்கு நான் திரும்ப முழுக்கப் பாக்கவெல்லோ வேணும்."

"பாரன்."

ஐந்தாம் எபிசோட் வரைக்கும் வந்துவிட்டாளாம். நிமிடம் இன்னும் வரவில்லை, ஆனால் ஜிபியோங்கின் மூன்றாம் எபிசோட் படம் ஒன்றைப் பற்றிப் புதிதாக ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது.